முடிந்தது பக்கம்

மனித குலத்தை முன்னேற்றியவை மூன்று: நெருப்பு, சக்கரம், மஞ்சள் ஒட்டுச்சீட்டு. சென்னையில் ஏசி ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்த கோகுலகிருஷ்ணன் இதை மனதார நம்பினான். ஜெயங்கொண்டத்தில் முதலிரண்டுக்கும் பஞ்சமில்லை. மூன்றாவதைக் கேட்டதற்கு ஸ்டோர்க்காரர் போஸ்ட் ஆபீசுக்கு வழி காட்டினார். கடைசியில் மஞ்சள் பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, சோற்றுப் பசை தடவித்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

அவன் கண்ணையன் முந்திரி குடோனில் மேனேஜர். 2005 ஐப்பசி, அடைமழை. கும்பகோணம் ஸ்வீட் கடைக்குத் தீபாவளி லோடு இருநூறு டின், சனிக்கிழமை போயாக வேண்டும்.

"போகலேன்னா என் மச்சான் சாமிதுரை ஒன் நாற்காலில ஒக்காருவான்" என்றிருந்தார் முதலாளி கண்ணையன். "அவனுக்கு எட்டுக்கு மேல எண்ண வராது. அப்பவும் ஒக்காருவான்."

ஆபீஸ் சுவரில் கோகுலகிருஷ்ணன் இரண்டு கட்டம் போட்டான். இடப்பக்கம் 'செய்ய வேண்டியது', வலப்பக்கம் 'முடிந்தது'. சீட்டுக்குப் பத்து டின். இருபது சீட்டும் இடப்பக்கம் ஏறின. மிச்சப் பசை கொட்டாங்கச்சியோடு ஜன்னலில் இருந்தது.

"இனிமே குடோனுக்குள்ள போயிப் பாக்கறதெல்லாம் பழைய காலம். சுவத்தைப் பாத்தா போதும். இந்தப் புது முறைக்குப் பேருதான் அஜைல்!"

பெருக்க வந்த வீரம்மாள் சுவரைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நின்றபடி கூட்டம். உட்கார்ந்தால் மூளை தூங்கிவிடுமாம்.

"நேத்து என்ன செஞ்சீங்க, இன்னைக்கு என்ன செய்யப்போறீங்க, என்ன தடங்கல்? சொல்லுங்க பொன்னம்மாக்கா."

"நேத்து கொட்ட ஒடச்சேன். இன்னைக்கும் கொட்டதான் ஒடப்பேன்."

"தடங்கல்?"

"இந்தா நிக்கிறமே, இதான்."

நாற்பது பெண்களும் சொல்லி முடிக்க மணி பதினொன்று.

போன நேரத்தைப் பிடிக்க, புதன்கிழமை எல்லாரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்றான். தரம் பிரிக்கிறவர்கள் உடைக்கப் போனார்கள். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் கொட்டையைத் தொட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொட்டைப் பால் பட்டு ஜெயசித்ராவின் விரலெல்லாம் வெந்துபோனது. முழுப் பருப்பாக விழ வேண்டியது பொடியாக விழுந்தது.

"சீக்கிரமா தோத்தாத்தான் சீக்கிரமா ஜெயிக்கலாம்."

"தோக்கறது நீங்க, வேகறது என் கையா சார்?"

பெண்கள் முகம் கோணியதால் வியாழக்கிழமை டிசைன் திங்கிங். வாங்கித் தின்கிறவர் மனசுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். ஒரு டின்னைப் பிரித்து நடுவில் வைத்தான். இத்தனை வருஷமாக ஒரு பருப்பை வாயில் போட்டாலும் வசவு வாங்கிய நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். டின் காலி.

"மனசுக்குள்ள போயாச்சா?"

"பாதி தூரந்தான் போயிருக்கு சார்" என்று அடுத்த டின்னைப் பார்த்தாள் பொன்னம்மாள்.

ஆனால் சுவர் வேறு கதை சொன்னது. புதன் காலை 'முடிந்தது' பக்கம் நாலு சீட்டு. வியாழன் ஒன்பது. வெள்ளிக்கிழமை இருபதும் அங்கே வரிசையாக நின்றன. கோகுலகிருஷ்ணனுக்குக் கண் கலங்கியது. யாரும் சொல்லாமலே, வேலை முடிய முடிய அவர்களாகவே மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்! குழு தானாக இயங்குகிறது என்று பயிற்சியில் சொன்னது இதைத்தானே?

முதலாளிக்கு போன் போட்டான். "எல்லாம் முடிஞ்சிருச்சு சார். லாரிய வரச் சொல்லுங்க."

சனிக்கிழமை லாரி வந்தது. கூடவே முதலாளியோடு சாமிதுரையும் வந்தார். அந்த வாரத்தில் குடோனுக்குள் போய்ப் பார்த்த முதல் ஆள் அவர்தான். எட்டெட்டாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு விரலை மடக்கி, வெளியே வந்தார்.

"ஒம்பது வெரலு மாமா. மேற்கொண்டு ஒரு டின்னு."

எழுபத்து மூன்று.

முதலாளி சுவரைப் பார்த்தார், கோகுலகிருஷ்ணனைப் பார்த்தார். "இந்தச் சீட்டையெல்லாம் இந்தப் பக்கம் ஒட்டுனது யாருடா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமிதுரை நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வீரம்மாள் முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க. அந்தப் பக்கம் செவுரு மழைக்கு ஓதம் அடிக்குது, சீட்டு நிக்க மாட்டேங்குது. கீழ விழுந்ததையெல்லாம் இந்தப் பக்கம் ஒட்டி வெச்சேன்."