பெரும்புள்ளியின் செலவில்லாப் பயணம்

மனித குலத்தின் பயண வரலாற்றை மூன்று யுகங்களாகப் பிரிக்கலாம். இதுவரை எந்த அறிஞரும் பிரிக்கவில்லை என்றால் அது அறிஞர்களின் குறை. காலைத் தேய்த்துப் போனது முதல் யுகம். காசைக் கொடுத்துப் போனது இரண்டாம் யுகம். கார்டைத் தேய்த்துப் போவது மூன்றாம் யுகம். முதல் இரண்டு யுகங்களிலும் மக்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் யுகத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் தலைமைக் கணக்கராக இருந்தார். கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் வங்கி போடும் வெகுமதிப் புள்ளிகளைக் குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்து, அந்தப் புள்ளிகளைக் கொண்டே விமானத்தில் "இலவசமாக"ப் பறப்பது அவருடைய வாழ்க்கை லட்சியம். அலுவலகத்தில் அவருக்குப் "பெரும்புள்ளி" என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

அவர் அப்படி ஒருமுறைகூடப் பறந்ததில்லை என்று சில பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கடவுளை நேரில் பார்த்தவர்தான் பக்திச் சொற்பொழிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டால், உலகத்தில் ஒரு சொற்பொழிவும் நடக்காது. பெரும்புள்ளியின் சொற்பொழிவு தினமும் மதியச் சாப்பாட்டு அறையில் நடந்தது. ஸ்டோர்கீப்பரும் வரவேற்பு மேஜைப் பெண்ணும் அவருடைய முதன்மைச் சீடர்கள்.

"பெட்ரோலுக்கு நீலக் கார்டு. மளிகைக்குச் சிவப்பு. மருந்துக் கடைக்குத் தங்கம். அதுவும் ஞாயித்துக்கிழமை மருந்து வாங்கினா ரெண்டு மடங்கு பாயிண்ட்."

"சனிக்கிழமை காய்ச்சல் வந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்டார் ஸ்டோர்கீப்பர்.

"ஒரு நாள் பொறுத்துக்கணும். பொறுமை இல்லாதவனுக்குப் புள்ளி இல்ல."

இதை வரவேற்பு மேஜைப் பெண் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுச் சும்மா இருப்பவர் அல்ல அவர். பத்துப் பேர் சேர்ந்து ஓட்டலுக்குப் போனால் பில்லின்மேல் முதலில் விழும் கை அவருடையதுதான். "நான் குடுக்கறேன், நான் குடுக்கறேன்" என்று கார்டை நீட்டுவார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்கை ரொக்கமாக வாங்கிக்கொள்வார். சித்தப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோதும் மருத்துவமனைக் கவுண்டருக்கு முண்டியடித்துக்கொண்டு முதலில் ஓடியவர் இவரே. சித்தி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேற ஏதாவது டெஸ்ட் எடுக்கணும்னா தயங்காம எடுங்க டாக்டர்" என்று அவர் டாக்டரைத் தனியே அழைத்துச் சொன்னார். இப்படி ஓர் அண்ணன் மகன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று டாக்டரே நெகிழ்ந்துபோனார். சித்தப்பா பிள்ளைகள் அன்று மாலையே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது டாக்டருக்குத் தெரியாது.

அப்படி வாங்கிய ரொக்கம் சட்டைப் பையிலேயே கரைந்துபோவதும், மாதக் கடைசியில் வங்கி அதற்கு வட்டி போடுவதும் தனிக்கதை. வட்டிக்குப் புள்ளி கிடையாது என்பது ஒன்றுதான் அவருக்கு வருத்தம்.

இந்த மாபெரும் இயக்கத்தின் முதல் பயனாளி யார் என்பதும் எப்போதோ முடிவாகிவிட்டது. அவருடைய மனைவி. பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தாள். அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே அவளுடைய அக்கா இருந்தாள். சின்ன வயதில் அம்மா போன பிறகு இவளுக்குத் தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணம் செய்துவைத்தவள் அந்த அக்காதான். ராத்திரி ரயிலில் ஏறினால் விடியும்போது அந்த ஊர்.

"ஏங்க, இந்த லீவுல அக்காவைப் பார்த்துட்டு வரலாமா? ரயில் டிக்கெட் ஒண்ணும் பெரிய விலை இல்ல" என்று அவள் வருஷா வருஷம் கேட்பாள்.

"ரயிலா? காசு குடுத்தா?" பெரும்புள்ளி காதைப் பொத்திக்கொள்வார். "இன்னும் கொஞ்சம் பாயிண்ட்தான் பாக்கி. அடுத்த வருஷம் உன்னைப் பைசா செலவில்லாம பிளேன்ல கூட்டிட்டுப் போறேன் பாரு."

அடுத்த வருஷம் என்பது மிகவும் விசுவாசமானது. எப்போது கேட்டாலும் அது அடுத்த வருஷமாகவே இருந்தது.

இந்த வருஷம் அக்காவிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான், வீட்டை விற்றாகிவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறேன், இனி இந்தப் பக்கம் வருவது சந்தேகம்தான் என்றாள். போனை வைத்த மனைவி, சமையலறைத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைத்தாள். கேட்டது.

பெரும்புள்ளி கல்நெஞ்சக்காரர் அல்ல. உடனே செயலில் இறங்கினார். இரண்டு பேர் பறக்க இன்னும் கொஞ்சம் புள்ளி தேவைப்பட்டது. அதற்காக வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. மூன்றையும் சோபாவுக்குப் பின்னால் நிறுத்தினார். பழைய இரண்டின்மேலும் தூசி படிந்திருந்தது.

புள்ளி நிறைந்த அன்றைக்கே வங்கியிலிருந்து செய்தி வந்தது: "தங்களுக்கு மேலும் சிறப்பான அனுபவத்தை வழங்கும் பொருட்டு, வெகுமதிப் புள்ளிகளின் மதிப்பு பாதியாகச் செம்மைப்படுத்தப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

வங்கியின் மகிழ்ச்சியில் பங்குகொள்ள முடியாமல் அவர் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்.

"இருக்கற பாயிண்ட்டுக்கு ஒரு டிக்கெட் வரும் சார்" என்றது தேன் தடவிய குரல்.

"சரி. என் வீட்டுக்காரி பேர்ல போடுங்க. போக வேண்டியது அவதான்."

"முதல் இலவசப் பயணம் கார்டு வெச்சிருக்கறவங்க பேர்லதான் சார் போட முடியும். விதிமுறை பதினேழு."

"அப்ப நான் போகவா? பார்க்க வேண்டியது என் வீட்டுக்காரியோட அக்காவைம்மா."

"உங்க உறவுகளைப் பேணறதுல எங்க வங்கிக்கு ரொம்பப் பெருமை சார். உறுதி பண்ணட்டுமா?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் போனை வைத்துவிட்டு, மனைவிக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்திருப்பார்கள். அது சாதாரண மனிதர்களின் வழி. பெரும்புள்ளி தீர யோசித்தார். புள்ளியை விட்டுவைத்தால் நாளைக்கு இன்னும் "செம்மைப்படுத்தி"விடுவார்கள். ரயிலுக்குக் காசு கொடுத்தால் இத்தனை வருஷத் தவம் கெடும். ஆகவே மனைவியின் அக்காவை வழியனுப்பிவைக்க, மனைவியின் பிரதிநிதியாகத் தானே போவது என்று தீர்மானித்து, அதை இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க அக்காவைப் பார்க்க நீங்க போறீங்க."

"உன் சார்பா போறேன். நீ என்ன சொல்லணுமோ சொல்லு, ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டு வரேன்."

"நான் அவ மடியில படுத்துக்கணும்" என்றாள் மனைவி. "அதையும் நீங்களே பண்ணிடுவீங்களா?"

பெரும்புள்ளி நாணயமானவர். வாக்குக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "சரி, பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்ளும் மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று அவர் பூரித்தார். அக்காவுக்கென்று அவள் தைத்துவைத்திருந்த போர்வையை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. இலவச டிக்கெட்டில் கைப்பை ஒன்றுக்குத்தான் அனுமதி. கூடுதல் சுமைக்குக் காசு கேட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தப் பயணம் தொடங்கியது. அக்காவின் ஊர் தெற்கே இருந்தது. ஆகவே விமானம் வடக்கே போனது. அங்கிருந்து இன்னொரு விமானம் அக்காவின் ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து மூன்றாவது விமானம் திரும்பி வந்து அக்காவின் ஊரில் இறக்கிவிடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். தொட்டதற்குக் காசில்லை என்றால் எத்தனை முறை சுற்றினால்தான் என்ன? வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

வடக்கே இறங்கியதும் விமான நிலைய லவுஞ்சுக்குள் போனார். கார்டைக் காட்டினால் உள்ளே எல்லாம் இலவசம். பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்காமல், கார்டைக் கேட்டுச் சாப்பிட்டார். தட்டுடன் படம் எடுத்து அலுவலகக் குழுவுக்கு அனுப்பினார். ஸ்டோர்கீப்பர் கைகூப்பும் படம் போட்டார். அந்த மகிழ்ச்சியிலேயே இரவில் வீட்டுக்குப் போன் செய்தார்.

"அந்தப் புது வேக்குவம் கிளீனரை எதிர்வீட்டுக்காரங்களுக்கு வித்துட்டேங்க" என்றாள் மனைவி.

"வித்தியா? கார்டுலயா குடுத்தாங்க?"

"இல்லீங்க, ரொக்கமாத்தான்."

"அடடா, அவங்களுக்குப் பாயிண்ட் போச்சே." எதிர்வீட்டுக்காரர்களுக்காக உண்மையாகவே வருந்தினார். போனில் நீளமாக ஒரு விசில் கேட்டது. "என்ன சத்தம் அது?"

"குக்கர்" என்றாள் மனைவி. "ரெண்டாவது விசில். வைக்கறேங்க."

இரண்டாவது விமானம் ரத்து என்று அறிவித்தார்கள். கவுண்டரில் நின்ற இளைஞன் மிகவும் மரியாதையாக, "காசு குடுத்தவங்களை முதல்ல ஏத்தி விட்டுடறோம் சார். நீங்க எங்களோட மதிப்புமிக்க வெகுமதி விருந்தினர். அதனால கடைசியில" என்றான். மதிப்புமிக்க விருந்தினர் வெள்ளிக்கிழமை முழுவதும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாமதமாகும் என்று சொல்ல அக்காவுக்குப் போன் செய்தார்.

"மெதுவா வாங்க தம்பி, அவசரமே இல்ல. எனக்குத் துணைக்கு ஆள் இருக்கு" என்றாள் அக்கா. பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கிளம்புகிற வீட்டில் இப்படியா டிவியை அலறவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் விமானம் கிளம்பியது. சன்னலுக்குக் கீழே ஓர் ஆறும் பாலமும் தெரிந்தன. பணிப்பெண்ணை அழைத்து என்ன ஊர் என்று கேட்டார். அக்காவின் ஊர்தான்.

"இங்கதாம்மா நான் போகணும்."

"இந்த விமானம் இங்க இறங்காது சார்."

"கொஞ்சம் தாழ்வா ஓட்டச் சொல்லேன். பார்த்துட்டாவது போறேன்."

"சீட் பெல்ட் போட்டுக்குங்க சார்" என்றாள் அவள்.

அந்தப் பக்கத்து விமான நிலையத்தில் மூன்றாவது விமானத்தைத் தவறவிட்டிருந்தார். அடுத்தது திங்கட்கிழமைதான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேறு வழியில்லாமல் டாக்ஸி பிடித்தார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பதுபோல, டாக்ஸி வாடகைக்கு நாலு பேர் ரயிலில் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கலாம். டிரைவர் கார்டு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அந்தத் துயரத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

அக்காவின் தெருவில் போய் இறங்கும்போது உச்சிவெயில். வீட்டுச் சன்னல்களில் திரை இல்லை. உள்ளே சாமான்கள் இல்லை. வெறும் கூடத்தை ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவருடைய மனைவி.

"வந்துட்டீங்களா? கை கால் கழுவிட்டு வாங்க. குடிக்கத் தண்ணி மட்டும்தான் இருக்கு."

"நீ... நீ எப்படி இங்க?"

"வியாழக்கிழமை ராத்திரி ரயில் ஏறினேன். விடியறப்ப வந்துட்டேன். போர்வையையும் கொண்டாந்து குடுத்தேன்."

"உங்க அக்கா?"

"காலையில கிளம்பிட்டா." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அழுது முடித்த முகம் தெளிவாக இருந்தது. "ரெண்டு நாள் ரெண்டு பேரும் தூங்கவே இல்லீங்க. அம்மாவைப் பத்திப் பேசி அழுதோம். அப்புறம் சிரிச்சோம்."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"நீங்க இப்ப எந்த ஊருக்கு மேல பறந்துட்டு இருப்பீங்கன்னு."

பெரும்புள்ளி சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது.

"டிக்கெட்டை எந்தக் கார்டுல எடுத்த?"

"கார்டு இல்லீங்க. ரொக்கம்."

பெரும்புள்ளி கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்தார். ஆனால் மாமனிதர்கள் எந்த இடியிலும் நீண்ட நேரம் சாய்ந்து கிடப்பதில்லை. மெல்ல அவர் முகத்தில் ஒளி வந்தது.

"ஒண்ணும் கவலைப்படாத. உங்க அக்கா இப்ப வெளிநாடு. வெளிநாட்டு டிக்கெட்டுக்குத்தான் பாயிண்ட்டுக்கு நல்ல மதிப்பு! இன்னும் ஒரு எட்டு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா, ரெண்டு பேரும் பைசா செலவில்லாமப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

மனைவி அவரையே பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"எங்க அக்காவுக்கு இப்ப என்ன வயசு, சொல்லுங்க பார்க்கலாம்?"

பெரும்புள்ளி விரல்களை மடக்கினார், விரித்தார். தெரியவில்லை.

"எந்தக் கார்டுல எந்தப் பாயிண்ட் என்னிக்குக் காலாவதி ஆகும்னு கேட்டா, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வீங்க" என்றாள் அவள், கதவுச் சாவியை எடுத்துக்கொண்டே. "மனுஷங்களும் காலாவதி ஆவாங்கங்க. என்ன, அதுக்கு முன்னால யாரும் மெசேஜ் அனுப்ப மாட்டாங்க."