நாலாம் நம்பர் ஒழுக்கு

மழை வந்தால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். தரையைப் பார்த்த மனிதர் செங்கல்பட்டு ஜில்லா முழுக்க ஒருவர்தான் இருந்தார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஒழுக்கு பாய்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஏரிக்கரைப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பெரிய ஆபீசில் பாய் ரிக்கார்டு கீப்பர், நான் அவருக்குக் கீழே அட்டெண்டர். கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்றவன். படிப்பு எட்டாவதோடு சரி. வேலை கிடைத்தது திருவிடந்தைப் பெருமாள் போட்ட பிச்சை என்று நம்புகிறவன், ஆகவே நெற்றியில் நாமம் இல்லாமல் ஆபீஸ் படி ஏறமாட்டேன்.

கட்டிடத்தைக் குறை சொல்லக்கூடாது. சுவரின் மேல் ஓர் ஆள் புரண்டு படுக்கலாம். ஜன்னலைத் திறந்தால் ஏரியே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும் போலிருக்கும். மேல்தளம்தான் சரியில்லை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம், துரை கப்பலேறிய பிறகு அதன் மேல் ஒரு கரண்டி சுண்ணாம்பு விழவில்லை. மழைக்காலத்தில் ரிக்கார்டு ரூம் பதினோரு இடத்தில் ஒழுகும்.

பாய் பதினொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தார். தரையில் சுண்ணாம்பு வட்டம், அதற்குள் நம்பர், அதன் மேல் ஒரு பாத்திரம். ஒன்றுக்கு வாளி, ஐந்துக்கு டால்டா டப்பா, நாலுக்கு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அகலமான செம்புக் கிண்ணம். மழை பிடித்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

"கோயிந்து, ஆறாம் நெம்பரு ரொம்பிகினு கீது. ஊத்திட்டு வா."

போய்ப் பார்த்தால் ஆறாம் நம்பர் விளிம்பு வரை நிறைந்திருக்கும். ஒருநாள் கூட அவர் காது தப்பியதில்லை. அந்த மத்தியானங்களை என்னவென்று சொல்வது. பதினோரு விதமான சொட்டுச் சத்தம், வெளியே ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம், பழைய காகித வாசனை. வரிசை வரிசையாகக் கட்டுகள், போர்த்திக்கொண்டு தூங்குகிற ஜனங்களைப் போல. நான் எங்கே இருக்கிறேன் என்பதே சில சமயம் மறந்துபோகும்.

அந்த நாலாம் நம்பர்தான் வில்லங்கம். கடலோரக் கிராமங்களின் நிலக் கணக்கு வைத்திருந்த அலமாரிக்கு நேர் மேலே அது. ஒருதரம் நெம்மேலியிலிருந்து ஒரு விவசாயி நகல் கேட்டு வந்தார். பங்காளியோடு வழக்காம். கட்டை அவிழ்த்தேன். அவர் நிலம் எழுதியிருந்த பக்கம் கூழாகக் கையோடு வந்தது. மனிதர் திட்டவில்லை. என் விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்போ என் நெலம் எங்க சாமி கீது?" என்று கேட்டார். வழக்கில் தோற்றார் என்று பிறகு தெரிந்தது.

பாய் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. "கோயிந்து, எனக்கு இன்னும் மூணு வருசம் சர்வீஸ் கீது. அதுக்குள்ள இந்தத் தளத்த மூடணும். இன்னொரு ஆளு வந்து என்னான்ட அந்தக் கேள்விய கேக்கக்கூடாது."

தளத்தை மூடவேண்டியது மராமத்து இலாகா. ஐப்பசியில் பாய் கடிதம் எழுதுவார். அது மேசை மேசையாக நடந்து, சித்திரை வெயிலில் ஓவர்சியரை அழைத்துவரும். அவர் அண்ணாந்து பார்த்து, 'ஆய்வின்போது ஒழுக்கு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போவார்.

"நான் இன்னா பண்ணட்டும் பாய்? மயைல மேஸ்திரி மேல ஏறமாட்டேன்றான். வெயில்ல ஒழுவமாட்டேன்து" என்பார் ஓவர்சியர்.

"ஒழுக்கு லீவுல கீதுன்னு எழுதிகினு போ நைனா."

அடுத்த மழையில் பாய் ஒரு காரியம் செய்தார். மருந்துப் புட்டி ஒன்றில் நாலாம் நம்பர் தண்ணீரைப் பிடித்து, தக்கை வைத்து, 'இணைப்பு ஒன்று' என்று சீட்டு ஒட்டிக் கடிதத்தோடு அனுப்பினார். மராமத்து ஆபீஸ் ஜன்னலில் புட்டி ஆறு மாதம் இருந்தது. கோடையில் பதில் வந்தது: 'இணைத்திருப்பதாகக் கூறப்படும் தண்ணீர் புட்டியில் இல்லை. விளக்கம் தேவை.'

பாய் கோபிக்கவில்லை. நிதானமாகப் பேனாவில் மை நிரப்பி எழுதினார்: 'தண்ணீர் வானத்துக்குத் திரும்பிவிட்டது. ஐப்பசியில் மறுபடி வரும். வந்ததும் தெரிவிக்கிறேன்.'

ஐப்பசியில் சொன்னபடி வந்தது. நாலாம் நம்பர் அகன்று அலமாரி முழுவதையும் தொட்டது. அந்த அறையில் நனையாத மூலை ஒன்றே ஒன்று, மேற்கே பார்த்து பாய் தொழுகிற இடம். தொழுகைப் பாயைச் சுருட்டிவிட்டுக் கடலோர அலமாரியை அங்கே இழுத்துப் போட்டார்.

"உங்க எடம் பாய் அது."

"நான் நனஞ்சா காஞ்சிடுவேன். அது காயாது."

அன்று மத்தியானம் ஏழாம் நம்பருக்கு அடியில்தான் தொழுதார். முதுகில் சொட்டு விழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாய் பாட்டுக்கு கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருந்தது. தாசில்தார் உள்ளே வந்தார். மண்டியிட்ட பாய், குடையோடு நாமக்காரன்.

"என்னய்யா இது?"

"ஏழாம் நம்பருங்கய்யா" என்றேன்.

அவர் அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். போகும்போது தன் குடையையும் கதவோரம் சாத்திவைத்துவிட்டுப் போனார்.

பெரிய இஞ்சினீர் மாமல்லபுரத்து பங்களாவில் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பாய் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மழை கண்ணை மறைத்தது. போய்ப் பார்த்தால் இஞ்சினீர் கட்டிலின் மேல் சம்மணம் போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார். தலைமாட்டில் ஒரு வாளி. பங்களாவும் வெள்ளைக்காரன் கட்டியதுதான்.

"நானும் எழுதிகிட்டுதான்யா இருக்கேன்" என்றார், நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே. "நாலு வருஷமா இதுக்கும் எஸ்டிமேட் போவுது, திரும்பி வருது. எங்க ஆளே வெயில்ல வந்து பாத்துட்டு ஒழுகலன்னு எழுதிடறான்."

பாய் கண்ணை மூடிக் காது கொடுத்தார். "கோயிந்து, கட்டில தெக்கால தள்ளு. இன்னும் ஒரு சாண். போதும்."

இஞ்சினீர் குடையை மடக்கினார். ஒரு சொட்டு விழவில்லை. பாயை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்த விஷயம் என்ன?"

"எங்க வூட்லயும், அதான் ரிக்கார்டு ரூம்ல, கொஞ்சம் ஒழுவுதுங்க. மயை வுடறதுக்குள்ள வந்து பாத்தா நல்லது."

திரும்பும்போது மழைக்குக் குகை மண்டபம் ஒன்றில் ஒதுங்கினோம். கடல் எங்கேயோ பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. பாய் எட்டி மேலே கல்லைத் தடவி, உள்ளங்கையை என்னிடம் காட்டினார். காய்ந்திருந்தது.

"ராஜா காலத்து வேல. ஒரு சொட்டு கீதா பாரு."

"ஒரே கல்லு பாய்."

"எஸ்டிமேட் கேட்டிருந்தா இன்னும் மலயாவே கெடந்திருக்கும்."

சுவரில் இருந்த பெருமாளை நான் சேவித்தேன். பாய் தூணில் சாய்ந்து அலையை எண்ணுகிறவர் போல இருந்தார். பஸ் வந்தது, போனது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் கொட்டுகிற மழையில் இஞ்சினீர் வந்தார். செம்புக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு நாலாம் நம்பர் வட்டத்துக்குள் தானே நின்றார். சொட்டு பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது. நின்றபடியே 'ஒழுக்கு கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கண்டது கண்டதுதான், மேஸ்திரி வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பாய்க்கு ரிடையர் ஆகிவிட்டது. போகிற அன்று பதினோரு நம்பரையும் எழுதி என்னிடம் கொடுத்தார். "நால மட்டும் நம்பாத" என்றார்.

தளம் போட்ட பிறகு முதல் மழை. பாய் பஜாரிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அழிந்துபோயிருந்த வட்டத்தைக் காலால் தேடி நின்று, கையை நீட்டினார். ரொம்ப நேரம் நீட்டியபடியே இருந்தார். ஒன்றும் விழவில்லை.

"இன்னா கோயிந்து, காது செவிடாப் பூட்ட மாதிரி கீது."

பிறகு நெம்மேலிக் கட்டை எடுத்துவரச் சொன்னார். அவிழ்த்து ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். மறுபடி கட்டி வைத்தார். செம்புக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "இதுக்கு இங்க இனிமே வேல இல்ல. வூட்டுக்கு எட்த்துகினு போ" என்றார்.

என் மனைவி அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளாகத்தான் பூஜை மாடத்தில் வைத்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெருமாளுக்குத் தீர்த்தம் அதில்தான். மழை நாளில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால், அந்தக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழாதா என்று காது கொஞ்ச நேரம் காத்திருக்கும்.