திருட்டுத்தனமாக மடங்கிய முழங்கால்

இனிமேல் பொண்டாட்டி எண்ண எண்ண இந்தக் கால் மடங்கவே மடங்காது என்று கர்ணன் சபதம் எடுத்தபோது, இடது முழங்காலில் தையல் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

சாதாரணக் காலா அது? கூடலூரிலிருந்து குமுளி மலைக்கு இருபத்திரண்டு வருஷம் ஜீப்பின் கிளச்சை மிதித்த கால். ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவையும் ஜெயித்துவிட்டு, கடைசியில் வீட்டு வாசல் பாசியில் வழுக்கிய கால். ஆபரேஷன் முடிந்ததும் பிசியோதெரபி பவானி வந்து சொல்லிக்கொடுத்தாள்: குதிகாலைத் தரையோடு தேய்த்து இழுத்து முட்டியை மடக்கணும். வேளைக்கு இருபது, நாளைக்கு மூன்று வேளை. மடங்கினால் கிளச். மடங்காவிட்டால் ஆயுசுக்கும் விறைத்த கால்.

எண்ணும் வேலை மனைவி முனீஸ்வரிக்கு.

"நாலு."

"ஏ, நாலு முடிஞ்சிருச்சு. இது அஞ்சு."

"முட்டி மடங்குனாத்தான் அஞ்சு. இப்ப உங்க மூஞ்சிதான் மடங்குச்சு. நாலு!"

மூன்று பிள்ளை பெற்றவர் முனீஸ்வரி. ஒரு தடவையும் அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கத்தியதில்லை. கர்ணன் அலறியதோ அடுத்த ஊர் லோயர் கேம்ப் வரை கேட்டது. தெருவே திரண்டு வந்து யாரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றது? நீங்களே சொல்லுங்கள்.

"போதும்டி! செய்ய மாட்டேன். காலு என்னது."

சண்டைக்கு ஏழெட்டுப் பதில் தயாராக வைத்திருந்தார்.

"சரிங்க. படுங்க" என்றார் முனீஸ்வரி.

கர்ணன் எழுந்து உட்கார்ந்தார். "சரின்னா?"

"தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போற இருளம்மா அக்கா போன் பண்ணுச்சு. ஆவணி பொறந்தா ஏலக்காய் எடுப்பு, பதினாலு பேரு, நம்ம ஜீப் வரலேன்னா வேற வண்டி பாத்துக்குறோம்னுச்சு."

"ஆள் போட்டு ஓட்டுவோம்."

"எதுக்கு ஆளு? நானே பழகிக்கிறேன். நாளைக்கு கம்பத்துல டிரைவிங் ஸ்கூல்ல சேரப்போறேன். நீங்க காலை நோகடிச்சுக்காதீக."

"நீயா? குமுளி ரோட்டுலயா?" என்று சிரித்தார் கர்ணன்.

"ஏன், ஸ்டியரிங்கு ஆளைப் பாத்தா திரும்புது?"

மறுநாள் காலையில் போட்டோவும் ஆதாரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியே போய்விட்டார். கர்ணனின் சிரிப்பு கட்டிலிலேயே காய்ந்தது. பொண்டாட்டி ஜீப் ஓட்ட, தான் படுத்திருக்க, ஸ்டாண்டில் எத்தனை வாய் மெல்லும்! அவளுக்கு லைசென்ஸ் வருவதற்குள் தன் கால் கிளச்சில் இருந்தாக வேண்டும். ஆனால் அது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சபதம் என்னாவது?

தரையில் இறங்கினார். குதிகால் வழுக்கவில்லை. முனீஸ்வரியின் பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டினார். வெண்ணெயாக வழுக்கியது!

மத்தியானம் முனீஸ்வரி திரும்பும்போது போர்வைக்குள் முனகல். "ஆத்தா... அசைக்கவே முடியலயே..."

"அசைக்காதீகன்னுதான சொன்னேன்" என்று டீ ஆற்றிக் கொடுத்தார்.

என்ன சாமர்த்தியம்! கர்ணனுக்குத் தன்மேலேயே மரியாதை கூடியது. தினமும் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனதும், இருபது மடக்கச் சொன்ன இடத்தில் நாற்பது மடக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். அதைவிட அதிசயம் அந்தப் பவுடர் டப்பா. எவ்வளவு கொட்டினாலும் குறையவில்லை. அட்சய பாத்திரம்! ஒரு நாள் அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடக்கூடச் செய்தார்.

ஏழு வாரம் கழித்துப் பவானி வந்து முட்டியில் அளவுகோலை வைத்தாள். வைத்தவள் முகம் மலர்ந்தது.

"நூத்தி முப்பது டிகிரி! அண்ணே, தாராளமா வண்டி ஓட்டலாம்."

கர்ணன் தன் முட்டியையே பார்த்தார். கண் கலங்கியது.

"இவளுக்குத் தெரியாமச் செஞ்சேன்மா. ஒரு நாள் தப்பல."

பவானி முனீஸ்வரியைப் பார்த்தாள்.

"ஒம்போது டப்பா பவுடர் வாங்கி ரொப்பிருக்கேன்" என்றார் முனீஸ்வரி. "தரையில குதிகால் இழுத்த தடம் தெரியும்ல? பெருக்குறதுக்கு முன்னாடி சாண் போட்டு அளந்துருவேன். மொத வாரம் ஒரு சாண். இப்ப ரெண்டரை. இந்தப் பவானிப் பிள்ளைக்கும் வாரா வாரம் போன்ல சொல்லிருவேன்."

கர்ணனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சுருளி அருவியில் புதுவெள்ளம் இறங்குவதைப் பார்ப்பதுபோல மனைவியைப் பார்த்தார். அருவியிடம் போய் என்ன கோபித்துக்கொள்வது?

"அப்ப, டிரைவிங் ஸ்கூலு சும்மா மெரட்டலா?"

"மொத நாளு மெரட்டத்தான் போனேன்."

"அப்பறம்?"

"ரெண்டாம் நாளு பிடிச்சுப் போச்சுங்க" என்று பர்சிலிருந்து லைசென்சை எடுத்து நீட்டினார்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை. காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் கர்ணன் வாசலுக்கு வந்தார். ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் முனீஸ்வரி. கியர் விழுந்த அழகைக் கேட்டு அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"சரி, போ. பக்கத்துல உக்காந்து வளைவுக்கு வளைவு சொல்லித் தாரேன்" என்று முன்பக்கம் நடந்தார். அங்கே இருளம்மாள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். நகரவில்லை.

முனீஸ்வரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"முட்டிதான் இப்ப நல்லா மடங்குதே. பின்னால ஏறிக்கங்க."