பியாலா உடைத்த கல்

கை தவறிப் பியாலா கீழே விழுந்தது. பியாலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரைக்கல் இரண்டாகப் பிளந்தது.

எர்காஷ் குனிந்து பார்த்தார். பியாலாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீ குடிக்கிற சாதாரணப் பீங்கான் கிண்ணம்தான். கீழே இருப்பதோ காஸ்கான் மலையில் வெட்டியெடுத்த சலவைக்கல். குதிரை ஏறி மிதித்தாலும் அசையாது என்று சொல்லித்தான் கொத்தனார் நோர்பாய் அதைப் பதித்துவிட்டுப் போனார். சமர்கண்ட் முழுக்கத் தேடினாலும் கல்லை உடைக்கிற பியாலா இன்னொன்று கிடைக்காது.

மனிதருக்கு ஆவல் தாங்கவில்லை. பக்கத்துக் கல்லின் மேல் அதே உயரத்திலிருந்து பியாலாவை மறுபடி போட்டுப் பார்த்தார். சுக்குநூறாகப் போனது. கல்லும் போச்சு, பியாலாவும் போச்சு.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நூரோத்தாவில் குப்காரி. நூறு குதிரைக்காரர்கள் ஓர் ஆட்டுக்காக முட்டி மோதிக்கொள்வதை மேட்டில் உட்கார்ந்து பார்ப்பதில் எர்காஷுக்கு அப்படியொரு பைத்தியம். அதே ஞாயிற்றுக்கிழமை கார்ஷியில் மனைவி முனவ்வரின் அண்ணன் வீட்டில் பேரனுக்குத் தொட்டில் விருந்து. அந்த அண்ணனுக்குப் போன வருஷம் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் எடுத்தார்கள். அவர் அதைப் பாட்டிலில் போட்டு வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, இரண்டு மணி நேரம் அதன் வரலாறு சொல்வார். எர்காஷ் நான்கு தடவை கேட்டாயிற்று. ஒரு வாரம் கெஞ்சி, நேற்றுத்தான் "சரி, குதிரையையே போய்ப் பாருங்க" என்று முனவ்வர் வாயிலிருந்து அனுமதி வாங்கியிருந்தார். இந்த விரிசல் அவள் கண்ணில் பட்டால் அனுமதி பறந்துவிடும்.

முனவ்வர் தையல்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். வர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் வானமே இடிந்து விழுந்தாலும் கல்லை ஒட்டிவிடுவது என்று எர்காஷ் முடிவு கட்டினார்.

விரிசலைக் கத்தியால் சுரண்டினார். உள்ளேயிருந்து மஞ்சளாகப் பிசின் மாதிரி ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். கல்லுக்குள் இப்படி ஒரு சரக்கு இருக்கும் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது. மலைக்குள் எத்தனையோ அதிசயம் இருக்கும், நாம் என்ன கண்டோம் என்று வியந்தார். பியாலாத் துண்டுகளைக் கூட்டித் தள்ளி, எல்லாவற்றின் மேலும் கம்பளத்தை இழுத்து மூடிவிட்டு நோர்பாய் வீட்டுக்கு ஓடினார்.

நோர்பாய் முற்றத்தில் உட்கார்ந்து பரங்கிக்காய் சம்சா தின்றுகொண்டிருந்தார். அந்த வாசனை எங்கேயோ பழகியதாகத் தெரிந்தது. யோசிக்க நேரமில்லை.

"உஸ்தா, எங்க வீட்டுக் கல்லு உடைஞ்சுபோச்சு!"

"மறுபடியுமா?"

"மறுபடியும்னா?"

நோர்பாய்க்குப் புரையேறியது. "அது... உலகத்துல கல்லு உடையறது என்ன புதுசான்னு கேட்டேன் தம்பி. எப்படி உடைஞ்சுது?"

"பியாலா விழுந்து."

"ஐயையோ, இதை வெளியில சொல்லிடாத. அப்புறம் எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

"சொல்லலை. எப்படி ஒட்டறதுன்னு சொல்லுங்க, சீக்கிரம்!"

"அதே கல்லுல மிச்சத் துண்டு இருக்கும்ல? அரத்தால ராவிப் பொடி எடு. பசையில குழைச்சு விரிசல்ல அப்பு. காஞ்சதும் தேய்ச்சு விடு. வெட்டி எடுத்தவனுக்கே அடையாளம் தெரியாது."

"பசை குடுங்க."

"தீர்ந்துபோச்சே. கடைசி டப்பா உங்க தெருவுக்குத்தான் போச்சு. பாதியாவது மிச்சம் இருக்கும்."

"யார் வீட்டுக்கு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்பா." நோர்பாய் சம்சாத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

யாராக இருக்கும்? வழி முழுக்க அதே கேள்வி எர்காஷைக் குடைந்தது. நம் தெருவில் கல் தரை நம் வீட்டில் மட்டும்தானே, மற்றவர்களுக்குக் கல் பசை எதற்கு? அந்த யோசனை ஒரு முடிவுக்கு வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

கம்பளத்தின் மேல் முனவ்வர் நின்றுகொண்டிருந்தாள். தையல்காரிக்குக் காய்ச்சலாம். காலை லேசாக அசைத்தாள். நறநறவென்றது.

"என்னங்க, நம்ம கம்பளத்துக்குப் பல்லு முளைச்சிருக்கு?"

"அது... பியாலா."

"பியாலாவுக்கு அங்க என்ன வேலை?"

"விழுந்துச்சு."

"கம்பளத்துக்குக் கீழேயே போய் விழுந்துச்சா?"

கம்பளத்தை விலக்கினாள். விரிசலைப் பார்த்தாள். குனிந்து அதை விரலால் தடவினாள்.

"ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்து நானே பொறுக்கின கல்லு" என்றாள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. ஒட்டித் தர்றேன்."

"கல்லு ஒட்டிடும். மனசு?"

அவ்வளவுதான். மனிதருக்கு உண்மையாகவே பாவமாகிவிட்டது. "நான் குப்காரிக்குப் போகலை. உங்க அண்ணன் வீட்டுக்கே வர்றேன்."

"வேண்டாங்க. ஆசைப்பட்டுட்டீங்க, போயிட்டு வாங்க."

"வர்றேன்னா வர்றேன்!"

"இப்ப இப்படித்தான் சொல்லுவீங்க. ஞாயித்துக்கிழமை காலையில இடுப்பு பிடிச்சுக்கும்."

"யாருக்கு, எனக்கா? ரொட்டி மேல சத்தியம் பண்ணட்டுமா?"

ரொட்டி எதிரிலேயே இருந்தது. அதை எப்போது கொண்டுவந்து வைத்தாள் என்று அவர் கவனிக்கவில்லை. அதன் மேல் கையை அழுத்தி வைத்துச் சத்தியம் செய்தார். ரொட்டியைத் தொட்டுச் சொன்ன பேச்சை மாற்றிய ஆண்பிள்ளை அந்தத் தெருவில் இதுவரை கிடையாது.

"அண்ணன் அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வந்தா முகத்தைத் திருப்பிக்கக் கூடாது."

"கையில வாங்கியே பார்க்கிறேன்!"

முனவ்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மாவுப் பானைக்குப் பின்னால் எதையோ துழாவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் அரம், மறு கையில் ஒரு தகர டப்பா. டப்பாவின் வாயோரம் மஞ்சளாகப் பிசின் வழிந்து காய்ந்திருந்தது.

எர்காஷ் டப்பாவைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். நோர்பாயின் தட்டிலிருந்த சம்சா எந்த வீட்டு அடுப்பில் வெந்தது என்று இப்போது விளங்கியது. ரொட்டி மேல் வைத்த கையை இன்னும் எடுத்திருக்கவில்லை.

"இந்தாங்க" என்றாள் முனவ்வர். "கல்லுப் பொடியைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க. போன மாசம் நான் புலாவ் சட்டியைப் போட்டு உடைச்சப்போ குறைச்சுப் போட்டுட்டேன்."