அரக்கு நூல் கட்டிய டம்ளர்

ஊரைத் திருத்தக் கிளம்புகிறவன் முதலில் தன் வீட்டு டம்ளரைப் பார்க்க வேண்டும். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு வயது இருபத்து நாலு, பி.ஏ. வேறு.

எழுபதுகளில் ஒரு கோடை. காஞ்சிபுரத்தில், எங்கள் நெசவாளர் தெருக் குழாயில் மட்டும்தான் தண்ணீர் வந்தது. பக்கத்துக் காலனிப் பெண்கள் குடத்தோடு வந்தால் எங்கள் தெருவே சேர்ந்து விரட்டும். அச்சாபீசில் என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியசாமி அந்தக் காலனிக்காரன். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். அந்த வயிற்றோடு வயல் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கத்தையும் உக்கார வெச்சு மனசு விட்டுப் பேச வைக்கிறேன்" என்றேன் அவனிடம்.

"என்னை நம்பி நாலு பெரியவங்க வருவாங்கப்பா. அசிங்கப்படுத்திடாதே."

"நான் இருக்கேன்ல?" (நான் இருந்ததுதான் பிரச்சினை.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் தறிக்கு இரண்டு பக்கமும் பாய் விரித்தேன். தெருக்காரர்கள் இந்தப் பக்கம், காலனிக்காரர்கள் அந்தப் பக்கம். நடுவில் தறி. அதற்கு மேலாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டை எடுத்து, "எல்லாரும் பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன்.

குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

"பேரு எதுக்கு?" என்றார் காலனிப் பெரியவர் ஒருவர், வேட்டியை இறுக்கிக்கொண்டு.

"காபி குடுத்து வேன்ல ஏத்தப் போறான், ஜாக்கிரதை" என்றாள் எதிர்வீட்டு நாகம்மா. தெலுங்கு பேசும் வீடு. தறியில் கெட்டிக்காரி, வாயில் அதைவிட. நோட்டை ஓரமாகப் போட்டேன்.

காபி வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், அது என் பிடிவாதம். ஆனால் ஒரே ஒரு டம்ளரின் விளிம்புக்குக் கீழே அரக்கு நிறப் பட்டு நூல் கட்டியிருந்தது. அடுத்தவர் வாய் படாத டம்ளர் ஒன்று வேண்டுமென்று மத்தியானமே நான்தான் கட்டினேன். அது எனக்கு. சுத்தம் முக்கியம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் தங்கை சரோஜா தட்டை நீட்ட, ஆரோக்கியசாமி சரியாக அந்த டம்ளரை எடுத்தான்.

"அது வேணாம், வேற எடு!" என்று கத்திவிட்டேன்.

அவன் நூலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. "எனக்குன்னு அடையாளம் கட்டி வெச்சுட்டு, நான் பாத்ததும் மாத்தச் சொல்றியா?" என்றான். காலனிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"ஐயோ, அம்மா ஏதோ தெரியாம கட்டியிருப்பாங்க..."

நாகம்மா எட்டி டம்ளரை வாங்கினாள். முடிச்சை விரலால் நெருடினாள். "உங்கம்மா முடிச்சா இது? அவ போட்டா பல்லால கடிச்சாலும் அவுறாது. இந்தத் தொளதொள முடிச்சு உன்னுதுடா. இதுக்குத்தானே உன்னைத் தறியை விட்டே எழுப்பி விட்டாங்க!"

வேறு வழியில்லை. "ஆரோக்கியசாமி, சத்தியமா அது உனக்கு இல்லைப்பா. எனக்கு!"

அவனைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரு நிமிஷம் யோசித்தது. முதலில் நாகம்மாவுக்குத்தான் விளங்கியது.

"ஏமிரா! அப்போ எங்க வாய் பட்டதையும் நீ குடிக்க மாட்டியா? உங்கப்பனும் நானும் ஒரே சொம்புல தண்ணி குடிச்சவங்கடா!"

காலனிப் பெரியவர், "படிச்சவன்மா, அப்படித்தான் இருப்பான்" என்றார் அவளிடம். இரண்டு பக்கமும் அதன்பிறகு மனசு விட்டுப் பேசியது, என்னைப் பற்றி. அரை மணி நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்துப் போகலாம் போலிருந்தது.

கிளம்பும்போது நாகம்மா ஆரோக்கியசாமியிடம், "நாளைக்குக் காலையில உன் பொண்டாட்டியைக் குழாய்க்கு அனுப்பு. எவன் கேக்குறான்னு நான் பாக்கறேன்" என்றாள். மறுநாள் அவளே குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். ஆரோக்கியசாமி மட்டும் என்னோடு நாலு மாதம் பேசவில்லை. குழந்தையைக்கூட நான் தள்ளி நின்றுதான் பார்த்தேன்.

அந்தக் குழந்தையின் மகளுக்குப் போன மாதம் கல்யாணம். பந்தி முடிந்ததும் ஆரோக்கியசாமியே காபித் தட்டோடு வந்தான். தட்டு நிறைய டம்ளர், ஒன்றில் மட்டும் அரக்கு நூல். "உன்னுது" என்றான். எடுத்துக் குடித்தேன். பாவி, முடிச்சைக்கூடத் தொளதொளவென்றுதான் போட்டிருந்தான்.