போன வீதோவும் ஒழுகும் கூரையும்

கானியோ லொவாலோ வீட்டுக் கூரை ஒழுகியது. இதில் வியக்க ஒன்றுமில்லை. தெற்கு இத்தாலியில் எங்கள் மோந்தெசிக்கோவில் எல்லார் வீட்டுக் கூரையும் ஒழுகும். அவன் வீட்டில் கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒழுகியது. அது அவன் மனைவி இன்கொரொனாத்தா படுக்கும் பக்கம். ஆகவே கானியோ பல ஆண்டுகள் பொறுமை காத்தான். ஓர் இலையுதிர் காலத்தில் அவள் பக்கத்தை மாற்றிக்கொண்டாள். மறுநாள் காலையே கானியோ நகராட்சிக்குப் போனான்.

அந்த ஆண்டை எங்கள் மாநில அரசு 'வேர்களின் ஆண்டு' என்று அறிவித்திருந்தது. நூறு வருஷத்துக்கு முன் பசிக்குக் கப்பலேறினவர்களின் வாரிசுகள், வயிறு நிறைந்தபின் பூர்வீகம் தேடி வருவது இப்போது மோஸ்தர். அப்படித் திரும்பி வரும் குடும்பங்களின் வீட்டை அரசு பழுதுபார்த்துத் தரும். அதற்கு நகராட்சியில் ஓர் அலுவலகம். அலுவலகத்துக்கு ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் எர்மெத்தே தெலெஸ்கா. எங்கள் பக்கம் பட்டம் வாங்கியவனையெல்லாம் 'தொத்தோரே', அதாவது டாக்டர், என்று கூப்பிடுவோம். ஊசி போடத் தெரியாது.

"தொத்தோரே, கூரை ஒழுகுது."

"உங்க குடும்பத்துல அமெரிக்கா போனது யாரு?"

"யாரும் போகலைங்க."

"அர்ஜென்டினா?"

"இல்லைங்க."

"பெல்ஜியத்துல சுரங்கம் கிரங்கம்?"

"எங்கயும் போகலை. இங்கயேதான் கிடக்கோம்."

தொத்தோரே பேனாவை மூடினார். "அப்ப உங்களுக்குக் குடும்ப வரலாறே இல்லை."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? எங்க தாத்தா, பூட்டன் எல்லாரும் அந்த வீட்டுலதான் பொறந்து செத்தாங்க."

"அதுக்குப் பேரு வசிக்கிறது. வரலாறுன்னா ஒருத்தர் போயிருக்கணும், இன்னொருத்தர் தேடிக்கிட்டு வரணும். உங்களை யாரு தேடுறா?"

"வரி வசூல்காரன் தேடுறான்."

"அது கணக்குல வராது."

கானியோ திரும்பி வந்தான். அன்றும் மழை.

வசந்தத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து டார்லீன் லொவாலோ வந்து இறங்கினாள். அறுபது வயசிருக்கும். முழங்கால் வலி. பணி ஓய்வுக்குப் பின் வேறு வேலையில்லாமல் தன் வம்சத்தைப் பல தலைமுறை தோண்டியிருந்தாள். அந்தக் காகிதத்தை ஊர்க் காப்பிக்கடையான பாரில் விரித்தபோது மூன்று மேசை போதவில்லை. நாங்கள் காப்பிக் கோப்பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் ஊரில் மூத்த மகனுக்குத் தாத்தா பேர்தான் வைப்போம். ஆகவே அவள் வம்சம் இப்படிப் போனது: வீதோவின் மகன் கானியோ, கானியோவின் மகன் வீதோ, வீதோவின் மகன் கானியோ. மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் ஒன்றுதான். சித்தப்பன் பெரியப்பன் மகன்களுக்கும் அதே பேர். ஒரு காலத்தில் இந்த ஊரில் ஐந்தாறு வீதோ லொவாலோக்கள் ஒரே சமயத்தில் இருந்தார்கள். ஒருவர் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். மற்றவர்கள் ஆடு மேய்த்தார்கள்.

தொத்தோரே காகிதத்தைப் பார்த்தார். கானியோவைப் பார்த்தார். தக்க பரிசீலனைக்குப் பின் கேட்டார்.

"உங்க பூட்டன் பேரு?"

"வீதோ லொவாலோ. ஆனா அவரு போகலைங்க, அவரு இங்க..."

"நீங்க பேசாதீங்க. நீங்க சம்பந்தப்பட்டவர். போன வீதோ யாரு, இருந்த வீதோ யாருன்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் சொல்றேனே!"

"அதான் சொன்னேன், பேசாதீங்க."

அந்த நிமிஷம் முதல் கானியோவின் பூட்டன் அமெரிக்கா போனார். டார்லீன் கானியோவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவன் அவளைப் பூர்வீக வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனான். சுவரைத் தொட்டு நின்றவள் தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

"முன்னோர்களோட ஆசி," என்றாள்.

"ஆசி அந்தப் பக்கம் இன்னும் நிறைய விழும், பாத்து நில்லும்மா தங்கச்சி," என்றாள் இன்கொரொனாத்தா.

டார்லீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இனிமே என் வீடும் உங்க வீடுதான்," என்றாள்.

அங்கேதான் வினை. திரும்பி வரும் குடும்பம் என்றால், மனுப் போடும் நேரத்தில் வெளிநாட்டில் வசிக்க வேண்டும் என்பது விதி. கானியோ அதுவரை பக்கத்து ஊரில்கூட ராத்தங்கினதில்லை. தொத்தோரே டார்லீன் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டார். கானியோ தம்பதியின் குடியிருப்பு பென்சில்வேனியாவுக்கு மாற்றப்பட்டது.

குடியிருப்பு மாறினால் நகராட்சிக் காவலர் வீட்டுக்கு வந்து சரிபார்க்க வேண்டும். காவலன் சவீனோ வந்து கதவைத் தட்டினான். கானியோ திறந்தான்.

"கானியோ அண்ணே, நீங்க ஊர்ல இருக்கீங்களா?"

"இல்லப்பா."

"வீட்டுல வேற யாராவது?"

உள்ளேயிருந்து இன்கொரொனாத்தாவின் குரல் வந்தது. "யாருய்யா வாசல்ல?"

"நாம இல்லையான்னு பாக்க வந்திருக்கான்."

"உள்ள வந்து பாக்கச் சொல்லு. சூப்பு வச்சிருக்கேன்."

சவீனோ சூப்புக் குடித்தான். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது, எவரும் இல்லை' என்று எழுதினான். நேர்மையான பையன். குடித்த கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

விஷயம் வெளியே தெரிய எவ்வளவு நேரமாகும்? பேக்கரிக்காரனின் பூட்டனும் அமெரிக்கா போனார். பாதிரியாரின் பெரிய தாத்தா போனார். நகரத் தலைவர் தாத்தாவின் பேர் வீதோகூட இல்லை. அவரும் போனார். கோடைக்குள் ஊர் முழுக்க டார்லீன் வீட்டில் குடியிருந்தது. நானும் எழுதிக் கொடுத்தேன். என் கூரையும் ஒழுகும்.

டார்லீன் மட்டும் விதிப்படி நடந்தாள். பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்து, முறையாகப் பதிவு செய்து, மோந்தெசிக்கோவாசி ஆனாள். சொந்தங்களுக்கு நடுவே சாகப்போவதாகச் சொன்னாள். நல்ல மனுஷி.

இலையுதிர் காலத்தில் கூரைக்கு ஓடு வரும் என்றார்கள். புள்ளிவிவரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. மோந்தெசிக்கோவின் மக்கள்தொகை ஒன்று. ஆகவே மருத்துவர் திரும்பப் பெறப்பட்டார். தபால் நிலையம் மூடப்பட்டது. பேருந்து அடுத்த ஊரோடு நின்றது.

கானியோ அலுவலகத்துக்கு ஓடினான். தொத்தோரே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"என் ஓடு எங்க தொத்தோரே?"

"ஆளில்லாத ஊருக்கு ஓடு எதுக்குன்னு தலைநகர்ல கேக்கறாங்க. நியாயம்தானே?"

"ஆளா நான் நிக்கறேனே!"

"நீங்க இல்லைன்னு ஆய்வறிக்கை இருக்கு. அரசாங்கமே நேர்ல வந்து பாத்திருக்கு. நீங்க மாத்திப் பேசக்கூடாது."

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"பதவி உயர்வு. கைவிடப்பட்ட ஊர்களுக்கான துறை."

டார்லீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குளிர்காலம் வரை தாக்குப்பிடித்தாள். மாத்திரை எழுதித்தர ஆளில்லை. போகப் பேருந்தில்லை. கடைசியில் சவீனோதான் தன் வண்டியில் ஏற்றிப்போய் விமான நிலையத்தில் விட்டான். எல்லாரும் சதுக்கத்தில் நின்று கையசைத்தோம்.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கம்: 'மோந்தெசிக்கோவின் கடைசி ஆளும் வெளியேறினார்.' பூட்டிய கதவுகள், மௌனமான தெருக்கள், அழியும் பண்பாடு என்று எழுதினவன் என்னவோ நீட்டி முழக்கியிருந்தான். பாரில் உட்கார இடமில்லை. நெருக்கியடித்து நின்றோம். கானியோ சத்தம் போட்டு வாசித்தான். பாதிரியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

இன்கொரொனாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம்," என்றாள். "எந்த ஊரோ."