நொரீன் குளிக்கிறாள்

மெர்வ் டகெட் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் சினிமாக்காரர்களின் வண்டி வந்து நின்றது.

சாயம் பக்கத்து வீட்டு பெரிலுடையது. நாற்காலி முதுகில் தொங்கிய கம்பளிச் சட்டையும் அவளுடையதுதான்.

மெர்வின் மனைவி நொரீன் டப்போ ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. சமையலறைச் சுவருக்குத் தன் கையாலேயே மஞ்சள் வண்ணம் பூசிவிட்டு, இந்த மனுசன் எப்போது கவனிப்பான் என்று காத்திருந்தாள். ஈஸ்டர் வந்தது, போனது. அவன் கவனித்ததெல்லாம் சாஸ் புட்டி காலியானதை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

கோபார் ஊரில் பெரிலுக்கு மட்டும்தான் இதைச் சொல்லியிருந்தான். அதாவது ஊருக்கே தெரியும். தெரியும் என்பது மெர்வுக்குத்தான் தெரியாது.

வயதான தம்பதியின் கதை, அதற்கு ஒரு வீடு வேண்டும் என்று சினிமாக்காரர்கள் போனில் சொல்லியிருந்தார்கள். நொரீனுக்குச் சினிமா என்றால் உயிர். தன் அடுப்படியில் படப்பிடிப்பு என்று கேட்டால் நடந்தாவது வந்துவிடுவாள். ஆனால் பொண்டாட்டி இல்லாத வீட்டை எவன் தம்பதி வீடு என்று எடுத்துக்கொள்வான்? அதற்குத்தான் இந்தப் பூச்சு வேலை.

வந்தவள் பெயர் சாஸ்கியா. காட்சிக்குள் எந்தப் பொருள் எங்கே இருந்தால் என்ன அர்த்தம் வரும் என்று பார்ப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். அதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம். கோபாரில் நாற்காலிக்கு ஒரே அர்த்தம்தான், உட்காருவது.

"வீட்டம்மா எங்க?"

"குளிக்கிறா."

சாஸ்கியா மேசையைச் சுற்றி வந்தாள். "நாற்காலி ரெண்டு. ஆனா ஒண்ணுக்குக் கீழதான் தரை தேய்ஞ்சிருக்கு."

"அவ உக்காரவே மாட்டா. ஓயாம வேலை."

"நீங்க உக்காந்தே இருப்பீங்க போல." கோப்பையைத் தூக்கிப் பார்த்தாள். "சாயம் சுத்து முழுக்க இருக்கே. சுத்திச் சுத்தியா குடிப்பாங்க?"

"சூடா இருந்தா அப்படித்தான்."

"சட்டை?"

"அவளுதுதான்."

"சுவத்துல இருக்கிற போட்டோல ஒல்லியா இருக்காங்களே. இதுக்குள்ள அவங்க மூணு பேர் போகலாம்."

"இப்பக் கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டா."

படித்த பெண் மூக்கால் சிரித்தாள். மெர்வுக்கு வேர்த்தது. சாட்சி போதவில்லை என்று பட்டது. குளியலறைக்குள் நழுவிப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தான்.

"கேக்குதா? குளிக்கிறா."

"அவங்க கிட்ட ஒரு வார்த்தை பேசணுமே."

"வருவா. தலைக்கு ஊத்தறா."

சாஸ்கியா அவசரப்படவில்லை. ஜன்னல் பார்த்தாள், அலமாரி பார்த்தாள், எல்லாவற்றையும் படமெடுத்தாள். கடைசியில் கீழே பார்த்தாள்.

"மெர்வ், உங்க வீட்டம்மா கதவுக்கு அடியில வழிஞ்சு வர்றாங்க."

துடைக்க எதுவும் கிடைக்காமல் மெர்வ் கம்பளிச் சட்டையை உருவித் தரையில் போட்டான். சரியாக அப்போதுதான் பெரில் பின்வாசல் வழியாக வந்தாள்.

"மெர்வ், சட்டையைக் குடு. கிளப்புல பிங்கோ ஆட்டம் இருக்கு." தரையைப் பார்த்தாள். "நல்லாருக்கு. இதுக்குத்தான் வாங்கினியா? உன்னை விட்டுட்டுப் போனவ மகராசி."

மெர்வ் முட்டி போட்டுத் துடைத்தான். இனி நொரீனாவது வருவதாவது.

சாஸ்கியா ஈரத்தையும், சாயக் கோப்பையையும், முட்டி போட்டுக் கிடந்த கிழவனையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள்.

"இந்த வீடுதான். ஒரு கரண்டியைக்கூட நகத்தாதீங்க," என்று சொல்லிவிட்டு, யாருக்கோ போன் போட்டுக்கொண்டே வெளியே போனாள்.

மெர்வுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் வண்டியோட்டி வந்த பையன் கறி பஃப் ஒன்றைத் தின்றுகொண்டு நின்றான்.

"தம்பி, அப்படி என்ன கதை இது?"

"சொல்லலையா? பொண்டாட்டி விட்டுட்டுப் போயிடறா. அவ வீட்டுலதான் இருக்கான்னு காட்டப் படாதபாடு படற கெழவன் கதை."

"அதுக்கு என் வீட்டை எவன் சொன்னான்?"

"எவனும் இல்ல. டப்போலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணிச்சு. 'வர்றதா முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, அந்தாளே எல்லாத்தையும் ஜோடிச்சு வச்சிருப்பான்'னுச்சு. படத்தை டப்போ தியேட்டர்லயே பாத்துக்குதாம்."